கடைப் பூனை வளர்க்க முழுமையான வழிகாட்டி

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தால், ஒரே ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கூட இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பார். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கிவந்து கடைக்குள் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் அந்தக் குட்டி பீரோவுக்கு அடியிலேயே குடியிருக்கும், இல்லையென்றால் நீளுகிற கைகளையெல்லாம் பிறாண்டும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அதற்கு விலகிப் போக இடமே இருந்திருக்காது. வேண்டாம் என்று தோன்றும்போது ஒதுங்க முடிகிற பூனைதான், வேண்டும் என்று தோன்றும்போது தானாக முன்னால் வந்து நிற்கும். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இதையொட்டியவை.

1. முதலில், உங்கள் கடை தோதானதா?

உணவு விற்கும் கடை என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம், பதிவு குறித்த 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவு கையாளும் இடத்துக்குள் விலங்குகளையோ பறவைகளையோ செல்லப் பிராணிகளையோ விடக்கூடாது என்கிறது. மளிகைக்கடை, டீக்கடை, பேக்கரி, ஓட்டல் எல்லாம் இதில் வரும். அரிசி மண்டியில் தலைமுறை தலைமுறையாகப் பூனை இருக்கிறதே என்றால், இருக்கிறது. நியூயார்க்கின் தெருமுனை மளிகைக்கடைகளிலும் இருக்கிறது. அங்கும் விதி கூடாது என்றுதான் சொல்கிறது. ஊர்ப் பழக்கத்தைக் காட்டி ஆய்வாளரின் நோட்டீஸுக்குப் பதில் எழுத முடியாது. கடையை ஒட்டி வீடு இருந்தால் பூனை வீட்டுப் பக்கமும் வாசல் திண்ணையிலும் இருக்கட்டும். சரக்கு இருக்கும் பக்கம் கதவு மூடியே இருக்க வேண்டும்.

புத்தகக் கடை, ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை, தையல் கடை, அச்சகம், ஹார்டுவேர், சைக்கிள் கடை, பாத்திரக் கடை ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆபத்து உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

தையல் கடையில் நூல். பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் இருப்பதால், வாய்க்குள் போன நூலை வெளியே துப்ப முடியாமல் விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போய், குடலைச் சுருக்குப் பைபோல இழுத்து அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஊசி கோத்த நூலை மேஜையில் விட்டுப் போகும் பழக்கம் மாறாத கடையில் பூனை வேண்டாம். ஸ்டேஷனரியில் ரப்பர் பேண்டும் இதே கதைதான்.

வண்டிப் பட்டறையில், எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சில மில்லி உள்ளே போனாலே பூனையின் சிறுநீரகம் செத்துவிடும். சிந்தியதை உடனே மணல் போட்டு அள்ளி, தரையைக் கழுவ வேண்டும். பொக்கே விற்கும் பூக்கடையில் லில்லி: இதழ், இலை, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவது, பூ வைத்த வாளித் தண்ணீர், எதுவும் போதும் சிறுநீரகத்தைக் கெடுக்க. லில்லி விற்கும் கடையில் பூனைக்கு இடமில்லை, இதில் சமரசம் கிடையாது. பூஜைச் சாமான் கடையில் சூடமும், ஃபேன்ஸி ஸ்டோரில் அந்துருண்டையும் மூடிய டப்பாவில் இருக்க வேண்டும். உரம், பூச்சிமருந்துக் கடைக்கு யோசனையே வேண்டாம். பட்டுச்சேலைக் கடைக்கு ஏன் வேண்டாம் என்பதை நகத்தைப் பார்த்தாலே தெரியும்.

2. எலிக்காக என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

சுண்டெலியைப் பூனை பிடிக்கும். பெரிய எலி விஷயம் வேறு. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. 79 நாள் கேமரா வைத்துப் பார்த்ததில் தெருப்பூனைகள் கொன்றது வெறும் 2 எலி. எலிகள் குறையவில்லை; பூனை நடமாடும் நேரத்தில் ஒளிந்துகொண்டன, அவ்வளவுதான். நம்மூர்ப் பெருச்சாளி அரைக் கிலோவுக்கு மேல் எடை போடும். அதை எதிர்த்து நிற்கப் பல பூனைகள் துணியாது.

எனவே எலியைத் தடுப்பது கட்டடத்தின் வேலை. 6 மி.மீ. இடைவெளியில் சுண்டெலி நுழைந்துவிடும். குழாய் வரும் ஓட்டைகளை இரும்பு நாரும் சிமென்டும் வைத்து அடையுங்கள், ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள், சரக்கைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்திச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். பூனை வந்த அன்றே எலி மருந்தும் பசை அட்டையும் கடையை விட்டுப் போக வேண்டும். புரோமடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டியைத் தின்ற எலியைத் தொடர்ந்து தின்கிற பூனைக்கு மூன்று நான்கு நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசியும். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும், ஆனால் சந்தேகம் வந்த அன்றே போக வேண்டும். குடோனில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே நச்சு வாயு விடும். அது இருக்கும் இடத்தில் பூனை மட்டுமல்ல, ஆளும் படுக்கக்கூடாது. பசை அட்டையில் பூனை ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெயைத் தடவி மெல்லப் பிரியுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றாதீர்கள்.

3. எந்தப் பூனை?

எல்லோரும் குட்டியைத் தேடுகிறார்கள். கடைக்கு ஏற்றது ஒன்றிலிருந்து மூன்று வயதான, ஏற்கெனவே வாசலுக்கு வந்து போகிற பூனை. அதன் குணம் கண்ணுக்கு முன்னால் தெரியும். குட்டியின் குணம் லாட்டரிச் சீட்டு. மனிதர்களைப் பழகும் காலம் குட்டிக்குப் பிறந்த 2 வாரத்திலிருந்து 7, 8 வாரம் வரைதான். அந்த வயதில் மனிதக் கையே படாமல் வளர்ந்த குட்டி, பின்னால் எவ்வளவு கொஞ்சினாலும் அந்நியரைக் கண்டால் ஒதுங்கும். குட்டிதான் வேண்டுமென்றால் 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

சோதிக்க எளிய வழி: மூன்றடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து ஒரு விரலை நீட்டுங்கள். வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து விரலை மோந்து கன்னத்தைத் தேய்த்தால் நல்லது. பிறகு சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். துள்ளி ஓடினாலும் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து பார்க்கிற பூனை கடைக்குத் தேறும். அரைமணி நேரம் ஒளிந்திருக்கிற பூனையைக் கடையில் வைப்பது அதற்குத் தண்டனை.

4. முதல் பதினைந்து நாள்

நேராகக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். பின்பக்க அறையிலோ பெரிய கூண்டிலோ இரண்டு வாரம் தனியாக இருக்கட்டும். சளி, பேதி போன்ற தொற்று இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். முதல் இரண்டு நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள், மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கின்றன. உடம்பில் பழைய கடிக்காயம் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேட்டு முடிக்க வேண்டியவை: குடற்புழு மருந்து (குட்டிக்கு மாதம் ஒருமுறை, வளர்ந்ததற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை), தெள்ளுப்பூச்சி மருந்து, தடுப்பூசி. மூன்று வைரஸ் நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முத்தடுப்பூசி குட்டிக்கு 8 அல்லது 9 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். வளர்ந்த பூனைக்கு 3, 4 வார இடைவெளியில் இரண்டு முறை. வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல், பிறகு ஆண்டுதோறும். நூறு பேர் தொட்டுப் போகும் பூனைக்கு இந்த ஊசி தள்ளிப்போடக்கூடாத ஒன்று. ஊசி அட்டையைக் கல்லாவிலேயே வையுங்கள், கேட்பவர் கேட்பார்.

நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்கு ஊற்றாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் சில மணி நேரத்தில் வலிப்பு வரும்.

அடுத்து கருத்தடை. நாலரை, ஐந்து மாதத்திலேயே பெட்டை சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் மூன்று, நான்கு குட்டி. கருத்தடை செய்யாத கடுவன் சரக்கு அட்டைப்பெட்டிகளின் மேல் மூத்திரம் பீய்ச்சும், அந்த வாடை லேசில் போகாது. இரவில் சண்டைக்குப் போய்ச் சீழ்க்கட்டியோடு திரும்பும். ஐந்து மாதம் ஆவதற்குள் செய்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. அறுவைக்குப் பின் பத்து நாள் வாடிக்கையாளர் கண்ணில் காட்டாதீர்கள்.

பதினைந்து நாள் முடிந்ததும், கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் கடைக்குள் விடுங்கள். மூன்று நாள் கழித்து மதியம் இரண்டிலிருந்து நான்கு, கூட்டம் இல்லாத நேரம். அது நிலைத்த பிறகுதான் மாலைக் கூட்டம். எந்தக் கட்டத்தில் சாப்பாட்டைத் தொடாமல் ஒளிகிறதோ, அதற்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

5. இடம் அமைப்பது

நான்கு இடம் வேண்டும், நான்கும் வேறு வேறு மூலையில்.

உட்காருமிடம்: ஐந்தடிக்கு மேல் ஒரு பலகை, குறைந்தது 30க்கு 45 செ.மீ. அளவில், வழுக்காத சாக்கு விரித்து. கைநீட்டினால் வாடிக்கையாளருக்கு எட்டக்கூடாது. கல்லாவிலிருந்து இரண்டு தாவலில் அங்கே போய்ச் சேர வேண்டும். இந்தப் பலகையை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பலகை வந்த மறுவாரமே பூனை கீழே அதிக நேரம் இருப்பதைப் பார்க்கலாம்.

பிறாண்ட: 75 முதல் 90 செ.மீ. உயரக் கட்டை, பழைய சணல் சாக்கை இறுக்கிச் சுற்றி ஆணியடித்தது, ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் தொடாது, உங்கள் அட்டைப்பெட்டிகளுக்குத்தான் போகும். தூங்கி எழுந்ததும் பிறாண்டும் என்பதால் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கழிவுத் தட்டு: பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு, 5 முதல் 7 செ.மீ. மணல். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தொலைவில். தினம் ஒருமுறை கட்டாயம் அள்ளுங்கள். டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளியே வந்து தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். அன்றன்றே அள்ளினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். வாரம் ஒருமுறை தட்டைச் சோப்பும் சுடுநீரும் விட்டுக் கழுவுங்கள். பினாயில் ஆகாது. தரை துடைக்கும் பினாயிலைப் பாதத்தில் வாங்கிக்கொண்டு பூனை நக்கும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் அதன் ஈரலுக்குக் குறைவு. கடையில் பினாயில் வாளியைச் சோப்புத் தண்ணீராக மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறவர்கள்தான் அதிகம்.

தண்ணீர்: வாயகன்ற கிண்ணம், நிறைத்து, இரண்டு இடத்தில். 4 கிலோ பூனைக்கு உணவிலிருந்து வருவதையும் சேர்த்து நாளைக்கு 200 மில்லி வரை வேண்டும்.

கடைசியாக ஷட்டர். சுருள் ஏறும் பெட்டிக்குள் இருட்டும் கதகதப்பும் இருக்கும், பூனை அங்கே தூங்கும். தூக்கும்போதும் இறக்கும்போதும் பூனை எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது இது. வாசலில் நிற்கும் வண்டிகளிலும் குட்டிகள் எஞ்சின் பக்கம் ஏறிக்கொள்ளும். கிளப்பும் முன் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள்.

6. சாப்பாடு

பாலும் தயிர்ச்சோறும் பூனைச் சாப்பாடு என்பது பழைய நம்பிக்கை. வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதிதான் வரும். பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய விலங்கு. இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் மெல்ல மெல்லப் பார்வை போகும், இதயத் தசை தளரும். சைவக் குடும்பமென்றால் கடையில் விற்கும் பூனைக்கான உலர் தீவனமாவது வாங்கிக் கொடுங்கள், இல்லையேல் பூனை வேண்டாம்.

4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். உலர் தீவனமாக 50 முதல் 55 கிராம். அளந்து போடுங்கள், கண்மதிப்பில் போட்டால் ஆறு மாதத்தில் தலையணை ஆகிவிடும். சிக்கனோ மீனோ சேர்ப்பதென்றால் உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, எலும்பு முள் எடுத்து, அதற்கேற்பத் தீவனத்தைக் குறையுங்கள். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும், குழம்பில் கரைந்திருந்தாலும்தான். பச்சை மத்தி வேண்டாம், அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

வாடிக்கையாளர் கொடுக்கும் பிஸ்கட்டும் மிக்சரும்தான் கடைப் பூனையின் தனிப் பிரச்சினை. வேண்டாம் என்று எழுதி ஒட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு சின்னப் புட்டியில் அன்றைய தீவனத்திலிருந்தே 20 துணுக்கு எடுத்துப் போட்டு, 'இதிலிருந்து ஒன்று கொடுங்கள்' என்று எழுதி வையுங்கள். புட்டி காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

கடை திறந்த கையோடு பின்பக்கத்தில் சாப்பாடு வைப்பது நல்லது. தின்றுவிட்டுத் தூங்கிவிடும். போணி நேரத்தில் பூனை குறுக்கே போனால் முகம் சுளிக்கிறவர்கள் நம்மூரில் நிறைய. அவர்களோடு வாதாடுவதைவிட இது சுலபம்.

7. வரவேற்கப் பழக்குவது

கல்லாவின் ஓரத்தில் ஒரு சிறு பாயோ துண்டோ விரியுங்கள். பூனை தானாக அதில் ஏறும்போது, பயறளவு வேகவைத்த சிக்கன் துண்டு ஒன்று. தூக்கி வைத்துக் கொடுத்தால் பலிக்காது. நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நிமிஷம். ஏறுவது வழக்கமானதும், தெரிந்த வாடிக்கையாளர் உள்ளே வரும்போது மட்டும் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஆள் வந்தால் பாயில் ஏற வேண்டும் என்று அதற்குப் பிடிபட்டுவிடும். பூனைக்கு விறுவிறுப்பு வருவது விடிகாலையும் அந்தியும். அந்திக் கூட்டத்துக்கு முன், ஐந்து மணிவாக்கில் பத்து நிமிஷம் நாடாவோ பந்தோ காட்டி விளையாடிவிட்டால், கூட்டத்தில் கைகால்களைப் பாய்ந்து பிடிக்காது. விளையாட்டு முடிந்ததும் நாடாவை எடுத்துப் பூட்டுங்கள்.

பாயில் இருந்தால் தொடலாம், பலகையில் இருந்தால் தொடக்கூடாது. இந்த ஒரு விதியை முதலாளியே முதலில் மீறுவார், 'பாருங்க எப்படி வருது' என்று கீழே இழுத்துக் காட்டுவார். இழுத்த வாரமே வரவேற்பு நின்றுபோகும்.

தொடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது: முதலில் விரலை மோந்து பார்க்க விடுங்கள், பிறகு கன்னம், தாடை, காதின் அடியில் தடவலாம். வயிற்றைத் தொட வேண்டாம், மல்லாந்து படுத்துக் காட்டினாலும். வால் சாட்டைபோல அடித்தாலோ, காது பக்கவாட்டில் மடங்கினாலோ, முதுகுத்தோல் சிலிர்த்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். அடுத்தது பல்.

கழுத்துப் பட்டை போட்டால், இழுத்தால் தானே அவிழும் கொக்கி வைத்ததாக இருக்கட்டும், தொலைபேசி எண்ணோடு. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். கட்டாமல் இருப்பதே நல்லது, காதருகே நாள் முழுக்க ஒலிப்பது அதற்குத் தொந்தரவு.

8. கடித்துவிட்டால்

பிறாண்டலோ கடியோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வைக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள். பூனை ஊசி போட்டது என்று சமாதானம் சொல்லி அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், முடிவை மருத்துவர் எடுக்கட்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள் ஊசி. தோல் கிழிந்து ரத்தம் வரும் காயமென்றால், நோயை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேரும். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே மூடி உள்ளே சீழ் வைக்கும். அதனால் சின்னக் காயம் என்று விடக்கூடாது.

9. மூடிய கடை, வெயில், தீபாவளி

தகரக் கூரைக் கடைக்குள் சித்திரை வைகாசியில் பூனையை வைத்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போகாதீர்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடம்பு கொதிக்கிறது என்று பொருள்: பாதத்தையும் காதையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறி போட்டு, மருத்துவரிடம் தூக்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஞாயிறு விடுமுறை என்றால் யார் வந்து சாப்பாடு வைப்பார், மணலை அள்ளுவார் என்று பெயர் எழுதி முடிவு செய்யுங்கள். தீபாவளிக்கு முதல் நாளே ஜன்னல் மூடிய உள்ளறைக்கு மாற்றுங்கள், அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து நுழையத் துளை போட்டு வைத்தால் போதும்.

10. தாமதிக்கக் கூடாதவை

கடுவன் மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும், இரவானாலும் கிளம்புங்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகப் பருமனானதற்கு, ஈரலில் கொழுப்பு படியும். ரோமம் வட்டமாகக் கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், மனிதருக்கும் ஒட்டும். சரியாகும் வரை பாயை எடுத்துவிட்டுப் பின்னறையில் வையுங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

11. கடை கைமாறினால்

கடையை விற்கும்போது பூனையை அங்கேயே விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வாங்குகிறவர் விரும்பினால் ஊசி அட்டை, சாக்குக் கட்டை, அந்தப் பலகை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். புது இடத்துக்கு நீங்களே கொண்டுபோகிறீர்கள் என்றால் நான்காம் படியை முதலிலிருந்து செய்யுங்கள். பழக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை வெளியே விட்டால் பழைய கடை வாசலுக்கே நடந்து போய்விடும். பழைய சாக்கைத் துவைக்காமல் கொண்டுபோய் விரியுங்கள், அதன் வாடை இருக்கும் இடத்தில் சீக்கிரம் படுக்கும்.